மாத்திரைக்கு மூட்டு எது, வயிறு எது என்று தெரியுமா?

வாசகர் கேள்வி – மருந்தியல் பதில்

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் நொதிகளைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றியவை. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மாத்திரை செய்யப் படிக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். பதில்களையும் கலந்தே வைத்திருக்கிறோம். கணக்கு பிடிக்காதவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

என் மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். டாக்டர் செலிகாக்சிப் 200 எழுதிக் கொடுத்து, "இது வயிற்றைப் புண்ணாக்காது" என்றார். மாமியார் விடவில்லை: "மாத்திரைக்கு மூட்டு எது, வயிறு எதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்கிறார். என்ன சொல்வது?
– வாசகி, குரோம்பேட்டை

தெரியாது என்றே சொல்லுங்கள். ரத்தத்தில் கலந்த மருந்து மூட்டுக்கும் போகும், இரைப்பைக்கும் போகும், சிறுநீரகத்துக்கும் போகும். போன இடத்தில் உட்கார அதற்கு இடம் கிடைக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்களைச் செய்வது காக்ஸ் என்ற நொதி. அதில் இரண்டு வகை. காக்ஸ்-1 இரைப்பையில் எந்நேரமும் இருக்கும். அமிலம் சுவரை அரிக்காமல் காக்கும் புராஸ்டாகிளாண்டினைச் செய்துகொண்டே இருக்கும். காக்ஸ்-2 பெரும்பாலும் வீங்கிய இடத்தில் புதிதாக உண்டாகும். பழைய வலி மாத்திரைகள் இரண்டையும் அடைத்தன. மூட்டு வலி குறைந்தது, வயிறு புண்ணானது.

இரண்டு நொதிகளின் உட்குழியும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் 523-ஆம் இடத்தில் காக்ஸ்-1இல் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, காக்ஸ்-2இல் வேலின் இருக்கிறது. வேலினில் ஒரு கார்பன் குறைவு. அந்த ஒரு கார்பன் விட்ட சந்தில் காக்ஸ்-2இன் சுவரில் ஒரு பக்க அறை திறந்துகொண்டது. அறையின் உள்ளே 513-ஆம் இடத்தில் ஆர்ஜினின். செலிகாக்சிப்பின் ஒரு முனையில் உள்ள சல்ஃபோனமைடு அந்த அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. காக்ஸ்-1இல் ஐசோலூசின் வாசலை மறித்து நிற்பதால் அந்த வசதி இல்லை.

டாக்டர் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும்: "புண்ணாக்காது" அல்ல, "குறைவாகப் புண்ணாக்கும்". வேண்டாத நொதியை விட வேண்டிய நொதியை எத்தனை மடங்கு எளிதாக அடைக்கிறது என்பதைத் தேர்வுத்திறன் என்பார்கள். மனித ரத்தத்தில் வைத்துச் சோதிக்கும் முறையில் செலிகாக்சிப்பின் காக்ஸ்-2 தேர்வுத்திறன் சுமார் 7.6 மடங்குதான். மற்ற வலி மாத்திரைகளில் எட்டோரிகாக்சிப்புக்கு 106, டைக்ளோஃபெனாக்குக்கு 3, மெலாக்சிகாமுக்கு 2. வேடிக்கை என்னவென்றால் நிமெசுலைடுக்கும் 7.3 வருகிறது. ஆனால் அதே நிமெசுலைடைத்தான் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2011இல் தடை செய்தார்கள். பயம் கல்லீரலைப் பற்றியது. காக்ஸ் எண்களைப் பார்த்து அதை ஊகித்திருக்கவே முடியாது.

மாமியாருக்கு சல்ஃபா ஒவ்வாமை இருந்தாலோ, மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் ஏதாவது வந்திருந்தாலோ, கிரியாட்டினின் கூடியிருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். காக்ஸ்-2 சிறுநீரகத்தில் வழக்கமாகவே இருக்கும் நொதி. வீக்கத்துக்கு மட்டும் உரியது அல்ல.

அப்படியானால் 106 மடங்கு உள்ளதுதானே நல்ல மருந்து? அந்த வரிசையில் வந்த ரோஃபிகாக்சிப்பை ஏன் கடையிலிருந்து எடுத்தார்கள்?
– மருந்துக் கடைப் பணியாளர், வடபழனி

எண் பெரிதானால் மருந்து நல்லது என்று நினைக்க வைத்ததுதான் அந்தக் கதையின் ஆபத்து.

ரத்தக்குழாயின் உட்சுவரில் காக்ஸ்-2 புராஸ்டாசைக்ளினைச் செய்கிறது. அது குழாயை விரித்து, தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். தட்டணுவுக்குள் காக்ஸ்-1 திராம்பாக்சேனைச் செய்கிறது. அது ஒட்டவைக்கும். இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகள். காக்ஸ்-2ஐ மட்டும் அடைத்தால் ஒட்டாமல் காக்கும் தட்டு மேலே போய்விடும். உறையவைக்கும் தட்டு அப்படியே இருக்கும். ரத்தம் உறையும் பக்கம் சாய்கிறது. மருந்து எந்தத் தவறான நொதியையும் தொடவில்லை. தொட வேண்டியதைத்தான் தொட்டது, தொடக்கூடாத இடத்தில்.

ரோஃபிகாக்சிப் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே, தினம் 50 மி.கி. கொடுத்து நேப்ராக்சனோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் வயிற்றுச் சிக்கல் குறைந்தது, மாரடைப்பு கூடியது. "நேப்ராக்சன் இதயத்தைக் காக்கிறது, அதனால்தான் இப்படித் தெரிகிறது" என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. பிறகு பெருங்குடல் கட்டி ஆய்வு ஒன்றில் 25 மி.கி. மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 18 மாதத்துக்குப் பின் மருந்து எடுத்தவர்களிடம் இதய, மூளை ரத்தக்குழாய் அடைப்புகள் கூடுதலாகத் தெரிந்தன. வெற்று மாத்திரை யாருடைய இதயத்தையும் காப்பதில்லை என்பதால் பழைய விளக்கம் நிற்கவில்லை. 2004 செப்டம்பர் 30 அன்று மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

செலிகாக்சிப் இன்னும் இருக்கிறது. 2016இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், மிதமான அளவில் அது இதய விஷயத்தில் நேப்ராக்சனையும் ஐபுபுரூஃபெனையும் விட மோசமில்லை என்று வந்தது. எட்டோரிகாக்சிப்பை 2007இல் அமெரிக்கா நிராகரித்தது. இங்கே 60, 90, 120 மி.கி. அட்டைகளாகத் தாராளமாக விற்கிறது. உங்கள் கடைக்கு வருகிறவர் சீட்டு இல்லாமல் 120 கேட்டால், "பிரஷர் இருக்கா?" என்றாவது கேளுங்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது இந்த மருந்தின் தெரிந்த குணம்.

ஒரு பக்கவிளைவைப் பார்த்ததும் மருந்து வடிவமைப்பவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: தவறான நொதியைத் தொட்டதால் வந்ததா, சரியான நொதியைத் தவறான இடத்தில் தொட்டதால் வந்ததா, அல்லது நொதிக்கே சம்பந்தமில்லாமல் மூலக்கூறின் ஒரு பகுதியாலோ அது உடலில் உடைவதாலோ வந்ததா? தேர்வுத்திறனைக் கூட்டினால் முதல் வகை மட்டும்தான் தீரும். கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தப் பிரிப்பு தேவைப்படும்.

பிரஷருக்கு எனாலாபிரில் ஆரம்பித்து மூன்று வாரம். வறட்டு இருமல் நிற்கவில்லை. இன்னும் "சுத்தமான" ஏசிஇ தடுப்பான் ஏதாவது உண்டா?
– வாசகர், பெரம்பூர்

இது இரண்டாம் வகை. ஏசிஇ நொதி ஆஞ்சியோடென்சினைச் செய்கிறது. அதே கையால் பிராடிகைனினை வெட்டியும் போடுகிறது. நொதியை அடைத்தால் பிராடிகைனின் தேங்கி மூச்சுக்குழாயை உறுத்தும். எவ்வளவு சுத்தமான ஏசிஇ தடுப்பானை எடுத்தாலும் இருமல் வரலாம். அதனால்தான் நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் லோசார்டன் வகை வந்தது. டாக்டர் அதற்கு மாற்றுவார். மாற்றிய பின் இருமல் நிற்க ஒன்று முதல் நான்கு வாரம் ஆகலாம். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரை கேப்டோபிரில். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் உருவாகி 1981இல் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு நாக்கில் ருசி போனது, தோலில் தடிப்பு வந்தது. நொதியிலுள்ள துத்தநாகத்தைப் பிடிக்க அதில் வைத்திருந்த கந்தகக் குழுவின் மேல் பழி விழுந்தது. எனாலாபிரிலில் கந்தகத்தை எடுத்துவிட்டு கார்பாக்சில் வைத்தார்கள். ருசிச் சிக்கல் குறைந்தது. அது மூன்றாம் வகை. இருமல் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

எங்கள் கம்பெனிப் பயிற்சியில் "100 மடங்கு தேர்வுத்திறன், அதனால் வேறு நொதியைத் தொடாது" என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்லலாமா?
– மெடிக்கல் ரெப், அண்ணாநகர்

டோஸைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்யாகலாம். கணக்கு எளிது. நொதியில் எத்தனை பங்கு அடைபட்டது என்பது, தனித்துத் திரியும் மருந்தின் செறிவை, அந்தச் செறிவும் கேஐ மதிப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும். கேஐ என்பது நொதியில் பாதியை அடைக்கத் தேவையான தனி மருந்தின் செறிவு. அது சிறிதானால் பிடி இறுக்கம். குறி நொதிக்கு கேஐ 1 நானோமோலார், வேண்டாத நொதிக்கு 100 என்று வையுங்கள். உங்கள் 100 மடங்கு அதுதான்.

ரத்தத்தில் தனி மருந்து 10 நானோமோலார் இருந்தால் குறி நொதி 91 சதவீதம் அடைபடும், வேண்டாதது 9 சதவீதம். நல்ல நிலை. டோஸைப் பத்து மடங்காக்கி 100 நானோமோலார் ஆக்கினால் குறி 99 சதவீதம், வேண்டாதது 50 சதவீதம். நோயாளிக்குக் கிடைத்த லாபம் 8 சதவீதம், விலை 41 சதவீதம். "கேட்கவில்லை என்றால் இன்னொரு மாத்திரை" என்ற பழக்கத்தின் கேடு இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

தனி மருந்து என்று சொன்னதைக் கவனியுங்கள். மொத்தம் 1 மைக்ரோமோலார் இருந்து 98 சதவீதம் ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டால் வேலை செய்வது 20 நானோமோலார்தான். விளம்பரத் தாளில் மொத்தச் செறிவைப் போட்டு ஐசி50க்கு (சோதனையில் நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் செறிவு) பக்கத்தில் வைத்திருந்தால் அந்தத் தாளை நம்ப வேண்டாம்.

நிஜ உதாரணம் பார்க்கின்சன் மருந்தான செலிஜிலின். தினம் 10 மி.கி. வரை அது எம்ஏஓ-பி நொதியை மட்டும் பிடிக்கும். அளவு கூடினால் எம்ஏஓ-ஏயையும் பிடிக்கும். குடலில் எம்ஏஓ-ஏதான் உணவிலுள்ள டைரமினை அழிக்கிறது. அது அடைபட்ட நிலையில் பழைய பாலாடைக்கட்டியோ நாள்பட்ட கருவாடோ சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் பெரிய டோஸில் பார்வையில் நீலச் சாயை வருவதும் இதே கணக்குதான். விழித்திரையில் உள்ள பிடிஇ-6 என்ற வேண்டாத நொதி மீது அதன் தேர்வுத்திறன் 10 மடங்கு அளவே.

கைனேஸ் தடுப்பான்களில் வேலை செய்கிறேன். என் சேர்மம் நொதிச் சோதனையில் 10 மடங்கு தேர்வுத்திறன் காட்டியது. செல்லில் இரண்டு கைனேஸையும் ஒரே அளவில் அடைக்கிறது. எங்கே தவறு?
– ஆய்வு மாணவி, தரமணி

தவறு இல்லாமலும் இருக்கலாம். கைனேஸ்கள் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறு மூலக்கூறில் ஒட்டும் நொதிகள். ஏடிபியைக் கணக்கில் எடுத்தீர்களா?

உங்கள் சேர்மம் ஏடிபியின் இருக்கைக்குப் போட்டியிடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். அப்போது ஐசி50 என்பது கேஐயை, ஒன்றுடன் ஏடிபி செறிவு வகுத்தல் கேஎம் என்பதைக் கூட்டிப் பெருக்கினால் வருவது. கேஎம் என்பது நொதி பாதி வேகத்தில் ஓடத் தேவையான ஏடிபி செறிவு. குறி கைனேஸுக்கு கேஐ 5 நானோமோலார், ஏடிபி கேஎம் 10 மைக்ரோமோலார். வேண்டாத கைனேஸுக்கு கேஐ 50, கேஎம் 100. நொதிச் சோதனையில் வழக்கப்படி ஒவ்வொன்றையும் அதனதன் கேஎம் அளவு ஏடிபியில் வைத்திருப்பீர்கள். ஐசி50 இரண்டு மடங்காகி 10, 100 என்று வரும். பத்து மடங்கு, சந்தோஷம். செல்லுக்குள் ஏடிபி சுமார் 2 மில்லிமோலார். அங்கே முதலாவது 5 பெருக்கல் 201, அதாவது 1005. இரண்டாவது 50 பெருக்கல் 21, அதாவது 1050. பத்து மடங்கு கரைந்தே போனது.

அதனால் சேர்மங்களை வரிசைப்படுத்தும்போதே ஒரு முறை 1 முதல் 2 மில்லிமோலார் ஏடிபியில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் சோதனையே சரியா என்று பார்க்க வேண்டியவை சில. வினைப்பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் செலவாக விடாதீர்கள், வேகம் நேர்கோட்டில் இருக்காது. சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 1 சதவீதத்துக்குள். மூன்று மடங்காக நீர்த்து 10 புள்ளிகள். நொதிச் செறிவு 20 நானோமோலார் என்றால் 10க்குக் கீழே எந்த ஐசி50-யும் காட்டாது. நல்ல சேர்மங்கள் எல்லாம் அங்கே ஒரே எண்ணில் முட்டி நிற்கும், தேர்வுத்திறன் குறைவாகத் தெரியும். வளைவு செங்குத்தாக இறங்கினால் சேர்மம் திரண்டு நொதியை மொத்தமாக விழுங்குகிறதா என்று சந்தேகப்படுங்கள்: 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைப் பொருளைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். தடுப்பு மறைந்தால் அந்தச் சேர்மத்தை மறந்துவிடலாம்.

நேரம் இன்னொரு பொறி. நொதியோடு முன்கூட்டி 0, 10, 30, 60 நிமிடம் வைத்துப் பாருங்கள். ஐசி50 இறங்கிக்கொண்டே போனால் பிணைப்பு மெதுவானது அல்லது நிரந்தரமானது. செலிகாக்சிப் காக்ஸ்-2ஐ நேரம் ஆக ஆகத்தான் இறுக்கிப் பிடிக்கும். கலந்தவுடன் அளந்தால் அதன் தேர்வுத்திறன் இருப்பதே தெரியாது. நொதியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை நிரந்தரமாகப் பிடிக்கும் சேர்மமாக இருந்தால் ஐசி50 ஒப்பீட்டையே விட்டுவிட்டு வினைவேகத்தை ஒப்பிடுங்கள். ரத்தப் புற்றுநோய் மருந்தான இப்ருடினிப் பிடிகே நொதியின் 481-ஆம் சிஸ்டீனைப் பிடிக்கிறது. அதே இடத்தில் சிஸ்டீன் உள்ள ஈஜிஎஃப்ஆர் உள்ளிட்ட ஏறக்குறைய பத்துக் கைனேஸ்கள் உண்டு. தோல் தடிப்பு, வயிற்றுப்போக்குக்கு ஈஜிஎஃப்ஆர் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பின்னால் வந்த அதே வகை மருந்தான அகலாப்ருடினிப் இந்த விஷயத்தில் மேல்.

ஏடிபி இருக்கையையே தவிர்ப்பது இன்னொரு வழி. 2021இல் அனுமதி பெற்ற அசிமினிப் ஏபிஎல் கைனேஸில் மிரிஸ்டாயில் குழி என்ற வேறோர் இடத்தில் உட்காருகிறது. ஏடிபி குழி மனிதனின் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்களிலும் ஒரே சாயல். மிரிஸ்டாயில் குழி அப்படி இல்லை.

எம்.ஃபார்ம் புராஜெக்டில் ஒரு சேர்மத்தை டாக்கிங் (நொதியின் குழியில் கணினியில் பொருத்திப் பார்த்தல்) செய்தேன். காக்ஸ்-2க்கு மைனஸ் 9.2, காக்ஸ்-1க்கு மைனஸ் 8.6. "தேர்வுத்திறன் உள்ளது" என்று எழுதலாமா?
– மாணவர், போரூர்

எழுதாதீர்கள். உடல் வெப்பநிலையில் 10 மடங்கு வித்தியாசத்துக்கு 1.4 கிலோகலோரி வேண்டும். உங்களிடம் 0.6 இருக்கிறது, மூன்று மடங்குகூட வராது. டாக்கிங் மதிப்பெண்ணின் பிழையோ 2 கிலோகலோரிக்குக் குறையாது. தராசு ஒரு கிலோ முன்பின் காட்டும்போது நூறு கிராம் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவது போல.

உருப்படியாகச் செய்ய வேண்டுமானால் இப்படிப் போங்கள். தடுப்பானோடு சேர்த்துப் படிகமாக்கிய அமைப்பை, 2.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் தெளிவுள்ளதாக எடுங்கள். காலியான அமைப்பில் பக்க அறை மூடியிருக்கலாம். அமைப்பிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு துடைக்காதீர்கள். தடுப்பானுக்கும் புரதத்துக்கும் நடுவே பாலமாக நிற்பதை விட்டுவைத்தும் ஒரு முறை ஓட்டுங்கள். ஹைட்ரஜன் சேர்க்கும்போது ஹிஸ்டிடினின் நிலையைக் கையால் பாருங்கள், மென்பொருள் தருவதை அப்படியே எடுக்காதீர்கள். மென்பொருள் தேடும் பெட்டி பக்கத்துக்கு 20 முதல் 25 ஆங்ஸ்ட்ராம் போதும். புரதம் முழுவதையும் பெட்டிக்குள் போட்டால் குப்பைதான் வரும். படிகத்தில் இருந்த தடுப்பானையே எடுத்துத் திரும்ப டாக்கிங் செய்யுங்கள். பழைய நிலையிலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் மேற்கொண்டு போகாதீர்கள்.

பிறகு கட்டுப்பாட்டுச் சேர்மங்கள். செலிகாக்சிப், ஐபுபுரூஃபென் போலத் தேர்வுத்திறன் தெரிந்தவை ஏழெட்டை இரண்டு நொதியிலும் ஓட்டுங்கள். உங்கள் முறை அவற்றையே சரியாகப் பிரிக்கவில்லை என்றால் புதிய சேர்மத்தைப் பற்றி அது சொல்வதற்கு மதிப்பில்லை. பெரும்பாலும் பிரிக்காது. எண்ணை விட நிலையைப் பாருங்கள்: உங்கள் சேர்மத்தின் எந்தப் பகுதி பக்க அறைக்குள் போகிறது, ஆர்ஜினினைத் தொடுகிறதா? இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. சில படிக அமைப்புக் கோப்புகளில் அந்த வேலின் 523, வேறு சிலவற்றில் அதே வேலின் 509. 523ஐத் தேடிக் காணாமல் "வேலினோடு தொடர்பு இல்லை" என்று எழுதிய ஆய்வேடு மதிப்பெண் வாங்கிவிடலாம், ஆனால் தவறு.

இவ்வளவும் செய்தபின் எழுதக்கூடிய வாக்கியம்: "இந்தச் சேர்மம் பக்க அறையை எட்டக்கூடும், நொதிச் சோதனையில் பார்க்கத் தகும்."

கிளீவெக் வழக்கு நம் சென்னையில் தொடங்கியது என்று படித்தேன். அந்த மருந்தின் தேர்வுத்திறனுக்கும் வழக்குக்கும் தொடர்பு உண்டா?
– சட்டக் கல்லூரி மாணவி, சைதாப்பேட்டை

இல்லை, அதுதான் வழக்கின் சுவாரசியம். கிளீவெக் என்பது ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப்பின் வணிகப் பெயர். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்த விண்ணப்பம் இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கானது. அதைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனம் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. படிக வடிவம் மருந்தின் நோய் தீர்க்கும் திறனைக் கூட்டுவதாக நிறுவவில்லை என்பதே காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஈ)யின்படி வந்த முடிவு. தேர்வுத்திறன் அந்தப் படிகத்தில் இல்லை, அதற்குப் பல வருடம் முன் செய்த மூலக்கூறிலேயே இருந்தது.

அது எப்படி வந்தது என்பது மருந்து வேதியியலின் அழகான பாடம். தொடக்கச் சேர்மம் புரோட்டீன் கைனேஸ்-சி என்ற வேறு நொதியைப் பிடித்தது. ஒரு பென்சீன் வளையத்தில் அமைடு சேர்த்தார்கள். டைரோசின் கைனேஸ்களையும் பிடிக்கத் தொடங்கியது. பின் அதே வளையத்தில், அமினோ இணைப்புக்குப் பக்கத்து மூலையில் ஒரே ஒரு மெத்தில் வைத்தார்கள். அந்த மெத்தில் மூலக்கூறை ஒரு பக்கமாக முறுக்கியது. புரோட்டீன் கைனேஸ்-சி மீதான பிடி போயேபோய்விட்டது. தண்ணீரில் கரைய மெத்தில்பைப்பரசைன் சேர்த்தார்கள். அதையும் நேராக வளையத்தில் ஒட்டாமல் நடுவே ஒரு கார்பன் வைத்தார்கள். நேராக ஒட்டினால் அனிலின் வகை ஆகி மரபணுவைக் கெடுக்கலாம் என்ற முன்யோசனை.

அப்படியும் இமாடினிப் ஒற்றைக் குறி மருந்து ஆகவில்லை. குறியான ஏபிஎல் கைனேஸோடு கிட், பிடிஜிஎஃப்ஆர் என்ற வேறு இரண்டு கைனேஸ்களையும் பிடிக்கும். கண்ணைச் சுற்றி வீங்குவதற்கும் தோல் வெளுப்பதற்கும் இவைதான் காரணம் என்கிறார்கள். அதே கிட் பிடிப்பால்தான் குடல் பகுதியில் வரும் ஜிஸ்ட் கட்டிக்கும் அது மருந்தானது. வேண்டாத நொதி என்பது நோயைப் பொறுத்தது.

சுகருக்கு சிட்டாகிளிப்டின் எழுதுகிறார்கள், வில்டாகிளிப்டினும் எழுதுகிறார்கள். எது வேறு நொதிகளைத் தொடாமல் இருக்கும்?
– வாசகர், மயிலாப்பூர்

தாளில் பார்த்தால் சிட்டாகிளிப்டின். இரண்டு மருந்துக்கும் குறி டிபிபி-4 என்ற நொதி. அதன் பக்கத்துச் சொந்தங்கள் டிபிபி-8, டிபிபி-9. தொடக்க காலச் சேர்மம் ஒன்று எலிக்கும் நாய்க்கும் கொடுத்தபோது தட்டணுக் குறைவு, ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு என்று மோசமாகப் போனது. மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் துருவிப் பார்த்து டிபிபி-8, 9 அடைபடுவதே காரணம் என்று சொன்னார்கள். அதன்பின் 1000 மடங்குக்குக் குறைந்த எதையும் தொடவில்லை. 2006இல் வந்த சிட்டாகிளிப்டினுக்கு 2600 மடங்குக்கு மேல்.

வில்டாகிளிப்டினுக்கு டிபிபி-9 மீது அவ்வளவு தேர்வுத்திறன் இல்லை. ஆனாலும் மனிதர்களிடம் அந்த நச்சு தெரியவில்லை. டிபிபி-4 செல்லின் வெளிப்பரப்பில் இருக்கிறது, மற்ற இரண்டும் செல்லுக்குள். உள்ளே போதிய மருந்து போகாவிட்டால் எண் சிறிதாக இருப்பதால் பெரிய கேடில்லை.

உங்களுக்குத் தேவையானது வேறு: சிட்டாகிளிப்டின் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு (மேலே வந்த ஈஜிஎஃப்ஆர் கைனேஸ் வேறு) 45க்குக் கீழே போனால் 100 மி.கி. பாதியாகி 50, 30க்குக் கீழே 25. வில்டாகிளிப்டினில் கல்லீரல் பரிசோதனையைத் தொடக்கத்திலும் இடையிடையேயும் செய்ய வேண்டும். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

இதயத்துக்கு தினம் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல். வயிற்றுக்கு கேஸ் மாத்திரை. முதுகுவலிக்கு எப்போதாவது ஐபுபுரூஃபென். ஒன்றை ஒன்று கெடுக்குமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தாம்பரம்

கெடுக்கும், இரண்டு இடத்தில்.

ஆஸ்பிரின் தட்டணுவின் காக்ஸ்-1ஐ நிரந்தரமாக அடைக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்யத் தெரியாது. அதன் ஆயுள் முழுக்க, ஏழெட்டு முதல் பத்து நாள், அடைந்தே கிடக்கும். ஐபுபுரூஃபென் அதே குழியில் தற்காலிகமாக உட்காரும். அது உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் இடமில்லை. ஆஸ்பிரின் சில நிமிடங்களில் உடைந்து போய்விடும். சாதாரண ஆஸ்பிரின் என்றால் அதை முதலில் போட்டு, குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுபுரூஃபென் போட வேண்டும். அல்லது ஐபுபுரூஃபென் போட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின். மேல்பூச்சு உள்ள ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதய நோயாளி முதுகுவலிக்குத் தானாக ஐபுபுரூஃபென் வாங்காமல் டாக்டரைக் கேட்பதே மேல்.

கேஸ் மாத்திரை எது? ஒமிப்ரசோல் என்றால், அது சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதியையும் அடைக்கும். குளோபிடோக்ரல் உடலில் செயல்படும் வடிவம் பெறுவது பெரும்பாலும் அந்த நொதியால்தான். பாண்டோபிரசோலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆனால் இந்தக் கேஸ் மாத்திரைகளின் குறிவைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. விழுங்கும்போது அவை செயலற்றவை. ரத்தம் வழியாக இரைப்பைச் சுவரின் அமிலம் சுரக்கும் செல்லுக்குப் போய், அங்குள்ள கடும் அமிலத்தில்தான் உருமாறி, அமிலப் பம்பின் சிஸ்டீனைப் பிடிக்கின்றன. உடம்பில் வேறெங்கும் அவ்வளவு அமிலம் இல்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால்தான் பிடிக்க முடியும் என்பதால் காலை உணவுக்கு 30 நிமிடம் முன் சாப்பிட வேண்டும். டிபனுக்குப் பின் போட்டுக்கொண்டு "கேட்கவில்லை" என்கிறவர்கள் நிறைய. மேல்பூச்சு இருப்பதால் பொடிக்கவும் கூடாது.

பாறு கழுகுகள் டைக்ளோஃபெனாக்கால் செத்தன என்கிறார்கள். காக்ஸ்-2 தேர்வுத்திறன் உள்ள மருந்தை மாட்டுக்குக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா?
– வாசகர், வண்டலூர்

மேலே கொடுத்த எண்களைப் பாருங்கள்: டைக்ளோஃபெனாக் 3, மெலாக்சிகாம் 2. மனித ரத்தத்தில் எடுத்த அளவுதான், ஆனாலும் மெலாக்சிகாம் கொஞ்சம் குறைவு. கழுகுக்குப் பாதுகாப்பாக இருந்தது அந்த மெலாக்சிகாம்தான். டைக்ளோஃபெனாக் ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிந்து சாகும். மெலாக்சிகாமைக் கழுகின் உடல் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடுகிறது. உயிரினம் மாறினால் நொதி மட்டுமா, மருந்து உடம்பில் தங்கும் நேரமும் மாறும்.

2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்காததால், 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். மாட்டுக்கு ஒரு வேளைக்கு அது போதாது.